ஆக்னஸின் இறகு மெத்தை

1

போன மாதம் மகள் அபிக்குப் பிறந்தநாள் வந்தது. வாழ்த்து அட்டையில் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அட்டையோடு அச்சடித்து வரும் ஆங்கில வாழ்த்தில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. முகம் தெரியாத யாரோ, ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து எழுதிய வரிகள் அவை.

அபி அட்டையைத் திறந்து கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். ஒரு காலத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவள்தான். நீச்சல் வகுப்பும் சனிக்கிழமைக்கு மாறியபோது தமிழ் நின்றுபோனது.

"அம்மா, உங்கட ஹான்ட்ரைட்டிங் எனக்கு விளங்கேல்ல. நீங்களே ரீட் பண்ணுங்கோ."

வாசித்தேன். நல்லாய்ப் படிக்க வேண்டும், நல்லாய்ச் சாப்பிட வேண்டும், யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க ரீட் பண்றதுதான் அதில இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பகிடிக்குத்தான் கேட்டாள். மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் கணவர் தயாபரன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, பின்வளவுப் பக்கம் போய்விட்டார். அபி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே கேள்வியை அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அன்றைக்கு அது பகிடி இல்லை. நான் மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இந்தப் பத்தியில் லண்டன் குளிரைப் பற்றியும், இங்கே முருங்கைக்காய் விற்கிற விலையைப் பற்றியும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். இதை எழுதியதில்லை. இப்போது எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"பேரை மாத்தி எழுதும்" என்றார்.

மாற்றியிருக்கிறேன்.

2

நாங்கள் லண்டனில் மிச்சம் என்கிற இடத்துக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். முதலில் அவர் வந்தார். பிறகு நான் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தேன். பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடியில் இரண்டு அறைகள். அவருக்குப் பாண், ரொட்டி சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை. கிழமைக்குக் கிழமை ஷிப்ட் மாறும்.

அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு வந்த முதல் பதிலை நான் வாசித்திருக்கிறேன். அதிலே ஒரு வரி, 'நீங்கள் கூறுவது நம்பத்தக்கதாக இல்லை' என்றிருந்தது. அவர் நடந்ததை நடந்தபடியே சொல்லியிருந்தார். பொய் சொல்லிப் பிடிபட்டிருந்தால் இவ்வளவு நொந்திருக்கமாட்டார். பிறகு வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற அனுமதி ஒன்று கிடைத்தது. ஆனால் அந்த வரி அவருக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. காஸ் மீட்டர் பார்க்க வருபவன் மீட்டரைத்தான் பார்க்கிறானா என்று பின்னாலேயே நிற்பார். தொலைபேசியில் ஒரு சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். நானும் குறைந்தவள் இல்லை. பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் தாதி ஒருநாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். எங்கேயோ எழுதிக் கொடுக்கத்தான் பார்க்கிறாள் என்று முடிவு கட்டி, அவள் அடுத்த முறை வருவதற்கு முன் ஆப்பிளும் தயிரும் வாங்கி நிரப்பி வைத்தேன்.

அபி பேசத் தொடங்கியிருந்த நாட்களில், ஆங்கில வகுப்பில் சேரத்தான் விம்பிள்டன் பக்கத்து நூலகத்துக்குப் போனேன். இடம் நிறைந்துவிட்டது என்றார்கள். மேசையில் இருந்த பெண் பட்டியலில் விரலை ஓட்டி, "புதன்கிழமை காலையில் ஒரு வகுப்பில் இடம் இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் கீழே ஆட்கள் உண்டு" என்றாள். பழைய கையெழுத்தை வாசிக்கப் பழகும் வகுப்பு. தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கானது.

எனக்குக் குடும்ப வரலாறு தேவைப்படவில்லை. சூடான அறையில் இரண்டு மணித்தியாலம், பிள்ளை கையில் இல்லாமல், ஆங்கிலம் பேசுகிறவர்களோடு இருக்கலாம் என்பதுதான் எனக்குத் தேவைப்பட்டது. பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கே வீட்டில் விசாரணை தொடங்கியது.

"குடும்ப வரலாறோ? எங்கட குடும்பம் அவைக்கு என்னத்துக்கு?"

"எங்கட இல்லை. தங்கட தங்கட குடும்பத்தைத் தேடுற ஆக்கள்."

"உம்மட அப்பாவின்ர பேர் கேட்டவையோ?"

"இல்லை."

"நான் எப்ப வந்தனான் எண்டு கேட்டவையோ?"

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. பேரும் விலாசமும்தான்."

"விலாசம் ஏன் குடுத்தனீர்?"

நூலகத்தில் விலாசம் கொடுக்காமல் எப்படிச் சேருவது? அதை நான் கேட்கவில்லை. இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்த மனிதர். போய்ப் படுத்துவிட்டார்.

3

வகுப்பில் இருந்த எல்லோரும் என்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்கள், எல்லோரும் வெள்ளையர். முதல் நாள் நான் உள்ளே போனதும், துப்புரவு செய்ய வந்தவள் என்று நினைத்து ஓர் அம்மா தன் குப்பைக் கூடையை என் பக்கம் தள்ளி வைத்தார். நான் பெயர் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்ததும் முகம் சிவந்து கூடையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். இவள் ஏன் இங்கே வந்தாள் என்று அவர்களுக்குச் சந்தேகம். என்னை வைத்துப் பகிடி பண்ணப்போகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

படிப்பித்தவர் மிஸஸ் ஹார்ட்லி. முந்நூறு, நானூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலக் கையெழுத்தைப் பிரதியெடுத்து எங்கள் முன்னே வைத்தார். எல்லோரும் ஒன்றாகத் திகைத்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த எழுத்தில் எஸ் நீண்டு எஃப் போல நிற்கும். சி பார்ப்பதற்கு ஆர். ஈ தலைகீழாகத் திரும்பிக் கிடக்கும். ஹெச் வரியை விட்டுக் கீழே இறங்கி வால் ஆட்டும். நிறுத்தக் குறி கிடையாது. ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள்.

இது எனக்கு முற்றிலும் புதிய சங்கதி இல்லை. கலியாணத்துக்கு முன் சுன்னாகத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டெழுதினேன். பழைய காணி உறுதிப் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்துப் புதிதாகத் தட்ட வேண்டும். பழைய உறுதிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. ஒருமுறை 'கொடி வரைக்கும்' என்றா 'கோடி வரைக்கும்' என்றா எழுதியிருக்கிறது என்று அண்ணன் தம்பி இருவர் கந்தோருக்கு வந்து நின்றார்கள். வேலியில் படர்ந்த கொடி வரைக்கும் என்றால் தம்பிக்கு நட்டம். வீட்டுக் கோடிப்பக்கம் வரைக்கும் என்றால் அண்ணனுக்கு நட்டம். அண்ணனுக்கு அது கொடியாகவே தெரிந்தது. தம்பி, கோடி என்று கடவுள் மேல் சத்தியம் செய்தார். இருவருமே பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மிஸஸ் ஹார்ட்லி சொன்ன ஒரு வழி எனக்குப் பிடித்தது. கண் மட்டும் பார்த்தால் எழுத்துப் பிடிபடாது, கையும் எழுதிப் பழக வேண்டும் என்பார். அவரவர் தங்கள் குடும்பத்துப் பத்திரத்தை, அந்தக் கோணல் எழுத்திலேயே, சுழிக்குச் சுழி பார்த்து எழுதி இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் அதை இன்றைய எழுத்தில் பெயர்க்க வேண்டும். என்னிடம் குடும்பப் பத்திரம் எதுவும் இல்லாததால் நான் வாங்குகிற ஆளாக மட்டும் இருந்தேன். எனக்குத் தந்தவர் மிஸ்டர் பெல்.

மிஸ்டர் பெல் முன்பு இரட்டைத்தட்டு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. முன்னுக்குப் போக ஆள் இல்லாததால் பின்னுக்குப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னார். மனைவி மிச்சம் விட்டுப்போன கடிதத்தாள் கட்டு ஒன்று அவரிடம் இருந்தது. வெளிர் நீலத் தாள், மூலையில் சின்ன ஊதாப்பூ. அது வீணாகக் கிடக்கக் கூடாது என்று அதிலேதான் எல்லாம் எழுதுவார், மைப்பேனையால். தனக்குக் கிடைத்த ஒரு பழைய உயிலை அதில் எழுதி, மேலே 'வசந்திக்கு' என்று என் பெயரை இன்றைய எழுத்தில் போட்டு, நாலாக மடித்து எனக்குத் தந்தார்.

அன்றைக்கு நல்ல மழை. அபியும் நானும் பஸ்ஸுக்கு நிற்பதைக் கண்டு, தன் சின்னக் காரில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். நான் இறங்கும்போது மேலே பார்த்தேன். எங்கள் யன்னல் திரை அசைந்தது.

4

என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "மழையில நனைஞ்சனீரோ?" என்று மட்டும் கேட்டார். நான் இல்லை என்றேன். அந்தப் பதிலை அவர் எங்கேயோ குறித்து வைத்துக்கொண்டது போலிருந்தது.

அடுத்த நாட்களில் வீடு மாறியது. வகுப்பில் எத்தனை ஆண்கள் என்று கேட்டார். வேறொரு நாள் அதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்டார். நான் குளியலறையிலிருந்து வரும்போது என் கைப்பை இருந்த இடத்தில் இல்லாமல் கொஞ்சம் தள்ளியிருந்தது. பிள்ளையிடம் மெதுவாக, "அந்தத் தாத்தா உனக்கு ரொபி தந்தவரோ?" என்று கேட்பது அறைக்குள் எனக்குக் கேட்டது. அபி, "அம்மாக்கும் தந்தவர்" என்றாள். உண்மைதான். அந்த மிட்டாயை எல்லோருக்கும்தான் தந்தார்.

செவ்வாய்க்கிழமை நீலத் தாளைத் தேடினேன். முக்கால்வாசி பெயர்த்திருந்தேன். கடைசி வரிகளில் ஓர் இடம் பிடிபடவில்லை. அதைத் தீர்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பையைத் திறந்தால், நான் எழுதிய கொப்பி இருந்தது, தாள் இல்லை. நூலகத்தில் விழுத்தியிருப்பேன் என்று நினைத்தேன். என் மனதின் ஒரு மூலை அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் 'ஏன், அது அவ்வளவு முக்கியமோ' என்று திருப்பிக் கேட்பார் என்று தெரியும். அந்த நாட்களில் நாங்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், அடுத்தவர் வாயைத் திறக்கட்டும் என்று.

புதன்கிழமை தாள் இல்லாமலே வகுப்புக்குப் போய் வந்தேன். வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலுக்குப் போனோம். சுண்டல் கொடுக்கும் இடத்தில் இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். ஒருத்தி, "வகுப்பெல்லாம் எப்பிடிப் போகுது?" என்று கேட்டாள். வகுப்புக்குப் போவதை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

செருப்பு வைக்கும் இடத்தில் மலரக்கா என் கையைப் பிடித்து ஒதுக்கினார். மலரக்கா யோகராசா அண்ணையின் மனைவி. யோகராசா அண்ணையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். புதிதாக வரும் எங்கள் ஆட்களுக்குக் கவுன்சில் விண்ணப்பம், பெனிபிட் விண்ணப்பம் எல்லாம் நிரப்பிக் கொடுப்பவர் அவர். காசு வாங்கமாட்டார். நல்ல மனிதர். ஆனால் ஒரு தாளைக் கையில் கொடுத்தால் 'எனக்கு விளங்கவில்லை' என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

"பிள்ளை, நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதையும்" என்றார் மலரக்கா. "உம்மட மனுசன் ஒரு கடிதம் கொண்டு வந்தவர். ஆரோ வெள்ளைக்காரன் உமக்கு எழுதினதாம். இவர் வாசிச்சவர்."

"என்னெண்டு வாசிச்சவர்?"

மலரக்கா சுற்றிப் பார்த்தார். சொல்ல வெட்கப்பட்டார்.

"முழுக்க வாசிக்க ஏலாமக் கிடந்ததாம், வேணுமெண்டு அப்பிடி மறைச்சு எழுதியிருக்காம். ஆனா லவ் எண்டு கிடக்காம். பெட் எண்டு கிடக்காம். மை பொடி, 'என்ர உடம்பு' எண்டு கிடக்காம். அடியில எக்ஸ் போட்டிருக்காம். வெள்ளைக்காரர் எக்ஸ் போட்டாக் கொஞ்சுறதெண்டு அர்த்தமாம். இவர் உம்மட மனுசனுக்குச் சொன்னவர்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "நான் நம்பேல்லைப் பிள்ளை" என்றார்.

நம்பாதவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நம்பலாமா வேண்டாமா என்று தேடுகிற மாதிரி.

5

வீட்டுக்கு வந்து பிள்ளையை நித்திரையாக்கினேன். அவர் கதிரையில் இருந்தார். முன்னால் போய் நின்று கையை நீட்டினேன்.

"அந்தத் தாளைத் தாங்கோ."

மறுப்பார் என்று நினைத்தேன். தொழிற்சாலைக் கோட்டின் உட்பையிலிருந்து எடுத்துத் தந்தார். பலமுறை மடித்து விரித்ததில் மடிப்பு வெளுத்துப் போயிருந்தது.

"இது மரண சாசனம்" என்றேன். "முந்நூறு வருசத்துக்கு மேல. மிஸ்டர் பெல் தேடுற ஆக்களின்ர. இருங்கோ, வாசிக்கிறன்."

நின்றபடியே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். கடவுளின் பெயரால் ஆமென். தோமஸ் ஆகிய நான், உடம்பால் நோயாளி, புத்தியால் தெளிவானவன், என் ஆன்மாவைக் கடவுளுக்கும் என் உடம்பைக் தேவாலய வளவு மண்ணுக்கும் ஒப்புக்கொடுக்கிறேன். என் அன்புக்குரிய மனைவி ஆக்னஸுக்கு நான் படுத்திருக்கும் இறகு மெத்தையையும் மேல் அறையையும் கொடுக்கிறேன். மூத்த மகளுக்குப் பெரிய பித்தளைச் சட்டி. மகனுக்கு வீடும் சிவத்தப் பசுவும்.

"பொடி எண்டு கிடக்கிறது செத்த உடம்பு" என்றேன். "பெட் எண்டு கிடக்கிறது தோமஸின்ர மனுசிக்கு."

அவர் தாளைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் வாசிக்கிறதுதான் அதில கிடக்கெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

எனக்கு அழுகை வரவில்லை. அவர் கோபத்தில் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் அமைதியாக, நியாயமான ஒரு விசாரணைக் கேள்வியைப் போலக் கேட்டார். அந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். குற்றம் சாட்டப்பட்டவளும் நான்தான். மிஸஸ் ஹார்ட்லியைக் கூட்டி வந்தால் அவரும் சேர்ந்து ஆடுகிறார் என்று நினைப்பார். மூலப் பிரதியைக் கொண்டுவந்தால் அதையும் நான்தானே வாசிக்க வேண்டும்.

"நீங்கள் சொன்னதை நம்ப ஏலாதெண்டு குடிவரவுக்காரன் உங்களுக்கு எழுதினவன்" என்றேன். "இப்ப நீங்கள் அதை எனக்கு எழுதுறியள்."

அவர் முகம் ஒருமுறை இழுபட்டது.

"புதன்கிழமை நீங்களே வாங்கோ. நீங்களே வாசியுங்கோ."

"நான் ஏன் அங்க வாறன்?"

"எனக்குத் தெரியாது. வாறதெண்டா வாங்கோ."

தாளைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தேன். நான் வைத்திருந்தால் நான் மாற்றி எழுதிவிட்டேன் என்ற சந்தேகமும் வரும். அந்த அளவுக்கு நானும் யோசிக்கப் பழகியிருந்தேன்.

6

புதன்கிழமை காலை அவர் சவரம் செய்து, நேர்முகங்களுக்கு மட்டும் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

வகுப்பில் மிஸ்டர் பெல் எழுந்து கை கொடுத்தார். இவரும் கொடுத்தார், விரல் நுனியால். பிறகு என்னையும் பெல்லையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய மாதிரி மூலையில் ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். மிஸஸ் ஹார்ட்லி, பழைய எழுத்துக்களுக்கு நேரே இன்றைய எழுத்துக்கள் போட்ட அட்டை ஒன்றை இவர் முன்னே வைத்தார். இவர் கோட்டுப் பையிலிருந்து நீலத் தாளை எடுத்து விரித்தார். மிஸ்டர் பெல் அதைக் கண்டு, தன் வீட்டுப்பாடத்தை இவரும் செய்கிறார் என்று சந்தோஷப்பட்டார். பாவம், அந்த மனிதருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

ஊரில் இவர் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவர். ஒரு கோடு கண்ணில் பட்டால் கை தானாக அதைத் தொடரும். அட்டையைப் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதும் ஓர் எழுத்து எழுதுவதுமாகக் குனிந்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. சந்தேகம் வந்தால் கை உயர்த்தி மிஸஸ் ஹார்ட்லியைக் கூப்பிட்டார்.

"இது வைஃப் என்பதா?"

"ஆம். அப்போது ஐ-க்குப் பதில் வை என்ற எழுத்தைப் போட்டு எழுதுவார்கள்."

"இது ஆக்னஸ்?"

"மிக நன்று."

கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்த எக்ஸில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

"தோமஸுக்கு எழுதத் தெரியாது" என்றார் மிஸஸ் ஹார்ட்லி. "கையெழுத்துக்குப் பதிலாக அடையாளம் போட்டிருக்கிறார். பக்கத்தில் சின்னதாகப் பாருங்கள், 'தோமஸின் அடையாளம்' என்றிருக்கிறது."

அவர் பேனையை மூடி வைத்தார். போதும் என்று எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. திரும்பவும் குனிந்தார். எனக்குப் பிடிபடாமல் விட்ட கடைசி வரிகளுக்கு வந்தார். அதற்குள் வகுப்பு முழுக்க அவரைச் சுற்றி வந்துவிட்டது. குப்பைக் கூடை அம்மா ஓர் எழுத்தைச் சொன்னார். மிஸஸ் ஹார்ட்லி பலகையில் எழுதினார். மேல் அறையும் மெத்தையும் ஆக்னஸுக்கு, அவள் தன்னை என்னுடைய என்னவாகவோ வைத்திருக்கும் காலம் வரைக்கும். அந்தச் சொல்லில்தான் நானும் நின்றிருந்தேன். இரண்டு டபிள்யூ, வரியை விட்டுத் தூக்கிய ஒரு டி.

"விடோ" என்றார் என் கணவர்.

அவள் தன்னை என் விதவையாக வைத்திருக்கும் காலம் வரைக்கும். மறுமணம் செய்தால் அறையும் இல்லை, மெத்தையும் இல்லை.

எல்லோரும் சிரித்தார்கள். "செத்த பிறகும் காவல்காரன்" என்றார் குப்பைக் கூடை அம்மா. மிஸ்டர் பெல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. காதுகள் இரண்டும் கறுத்துச் சிவந்தன. சிரிப்பு அடங்கிய பிறகு, முதல் முறையாக மிஸ்டர் பெல்லைப் பார்த்துப் பேசினார்.

"அந்தப் பெண் மறுமணம் செய்தாளா?"

"செய்தாள்" என்றார் மிஸ்டர் பெல். தன் பையைக் கிண்டி இன்னொரு நீலத் தாளை எடுத்தார். தேவாலயக் கலியாணப் பதிவைப் பார்த்து எழுதியது. "அடுத்த அறுவடைக்கு முன்பே செய்துவிட்டாள். இந்த உயிலுக்குச் சாட்சியாக நின்ற பக்கத்து வீட்டுக்காரனை. அவன் பெயரைப் பாருங்கள்."

இவர் தாளை வாங்கி, உதவி இல்லாமலே வாசித்தார். பெல் என்றிருந்தது.

"அவர்களுடைய பிள்ளைகளின் வழியில் வந்தவன் நான்" என்றார் மிஸ்டர் பெல். "அவள் மெத்தையைக் காத்துக்கொண்டு அந்த அறையிலேயே இருந்திருந்தால் நான் இல்லை."

"மெத்தை?" என்று கேட்டார் இவர்.

"போயிருக்கும். போகட்டுமே."

7

யோகராசா அண்ணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் இவர் அவரிடம் போய், "அது ஒரு பழைய மரண சாசனம் அண்ணை. நான் வாசிச்சுப் பாத்திட்டன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "நானும் அப்பவே பழைய எழுத்தெண்டு சொன்னனான் தம்பி" என்றார் அவர். அதற்குப் பிறகும் எங்கள் ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பினார். எங்களுக்கும் நிரப்பினார். பெண்களின் பேச்சு ஓய மட்டும் கொஞ்சக் காலம் எடுத்தது. 'நான் வாசிச்சுப் பாத்திட்டன்' என்று இவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

அந்தப் புதன்கிழமைக்குத் திரும்ப வருகிறேன். கீழே போய் அபியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். பிள்ளை அவர் மடியில் இருந்து யன்னலில் மூச்சு விட்டு விரலால் கீறிக்கொண்டிருந்தாள். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆக்னஸ் செய்தது சரி" என்றார்.

"அவளைப் பற்றி உங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை" என்றேன்.

பஸ் ஒரு தரிப்பில் நின்று புறப்பட்டது. ஒரு கிழவி தள்ளுவண்டியோடு ஏறினாள். இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து இடம் விட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாக, "சொறி" என்றார்.

மன்னிப்புக் கேட்கும் ஆங்கிலச் சொல். பஸ்ஸில் யாருடைய காலையாவது மிதித்தால் நாங்கள் எல்லோரும் சொல்லப் பழகிக்கொண்ட சொல். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்வோம்.

"அது காலை மிதிச்சாச் சொல்லுறது" என்றேன். "தமிழில சொல்லுங்கோ."

அவர் யோசித்தார். உண்மையாகவே தேடினார், முகத்தில் தெரிந்தது. மன்னித்துக்கொள் என்றால் மேடை நாடகத்தில் பேசுவது போலிருக்கும். அவருடைய தகப்பன் தாயிடம் அப்படி ஒரு சொல் சொல்லி அவர் கேட்டிருக்கமாட்டார். என் தகப்பன் சொல்லி நானும் கேட்டதில்லை. எங்களிடம் அதற்கு வீட்டுக்குள் புழங்குகிற ஒரு சொல் இருக்கிறதா என்று எனக்கே அப்போது சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு தரிப்புகள் கடந்தன. அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"நான் பிழையா வாசிச்சிட்டன்" என்றார் கடைசியில்.

போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் எங்கள் தரிப்பு வந்துவிட்டது. அவர் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.